அம்மியும் மேடையும்: அடுக்களைக் கல்லின் வரலாறு

தமிழர் வாழ்வில் கல் பெற்றிருந்த இடத்தை அறிய விரும்புவோர் பெரும்பாலும் கோயிலை நோக்கியே நடக்கின்றனர். பல்லவர் குடைந்த குகைகளையும், 1010-ஆம் ஆண்டில் இராசராசன் எழுப்பி முடித்த தஞ்சைப் பெருங்கோயிலையும் பற்றி நூல்கள் பல உள்ளன. ஆயினும், வேந்தர் கைபட்ட கல்லைப் பற்றி எழுதிய அளவுக்கு, நம் அன்னையர் கைபட்ட கல்லைப் பற்றி நாம் எழுதினோமல்லோம். அம்மி, ஆட்டுக்கல், உரல், திரிகை ஆகியவை ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் இல்லத்தின் அடுக்களையிலும் இருந்தவை. இன்று அவற்றின் இடத்தைப் பளபளக்கும் கருங்கல் மேடை பிடித்துள்ளது. கல் அடுக்களையை விட்டுப் போகவில்லை. வடிவம் மாறி அங்கேயே இருக்கிறது. ஆனால் கல்லைப் பற்றிய அறிவு அவ்வாறு தொடர்ந்து வந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு இலக்கணம் வகுத்த இனம் நம்முடையது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது அவற்றுள் முதலாவது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்கு எடுத்த கல்லின் வரலாறு காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை என்றே வளர்ந்து செல்கிறது. முதலில் காணல்; பின்னர்க் கொணர்தல்; அதன்பின் நீராட்டல்; இறுதியாக நடுதல். வழிபாட்டுக்குரிய கல்லுக்கு வகுத்த ஒழுங்கு இது. வீட்டுக்குரிய கல்லுக்கும், ஏட்டில் எழுதப்பெறாத ஓர் ஒழுங்கு நம் பெண்டிரிடம் இருந்தது.

அரைத்த கல்

அம்மி என்பது தட்டையான ஒரு கல். அதன்மேல் உருண்டோடுவது குழவி. மிளகாய், மஞ்சள், கொத்தமல்லி, தேங்காய் ஆகியவற்றை அரைப்பதற்கு அம்மி. அரிசியும் உளுந்தும் மாவாவதற்கு ஆட்டுக்கல். நெல் குத்துவதற்கு உரலும் உலக்கையும். பயற்றையும் தானியத்தையும் உடைப்பதற்குத் திரிகை. ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு கல். ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வோர் அசைவு. அம்மியில் கை முன்னும் பின்னும் செல்லும். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும். உரலில் உலக்கை எழுந்து விழும். இவ்வசைவுகள் அனைத்தையும் ஒரு சொல்லால் குறிக்காமல் அரைத்தல், ஆட்டுதல், குத்துதல், இடித்தல், திரித்தல் எனப் பிரித்துச் சொன்ன மொழி தமிழ். வினைச்சொற்களின் இந்நுட்பம் புலவர் அவையில் பிறந்ததன்று, அடுக்களையில் பிறந்தது.

அம்மியைத் தேர்வதற்கும் அறிவு வேண்டியிருந்தது. துகள் உதிரும் கல் உணவில் மணலைக் கலக்கும். மிக வழவழப்பான கல்லில் பொருள் வழுக்குமேயன்றி அரைபடாது. எனவே வாங்குவோர் கல்லைத் தட்டி ஒலியைக் கேட்டனர். கையால் தடவிப் பார்த்தனர். நீர் ஊற்றி ஓட்டத்தைக் கண்டனர். சிற்பிகளும் கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே ஆண்கல், பெண்கல் என வகைப்படுத்தினர். வெண்கல மணிபோல் ஒலிக்கும் கல்லில் உள்வெடிப்பு இல்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. சிற்பியின் உளிக்கும் இல்லத்தரசியின் விரலுக்கும் இவ்வாறு ஒரே பாடத்தைக் கல் கற்பித்தது.

புதிய அம்மி வீட்டுக்கு வந்தவுடன் அதில் சமையலுக்கு அரைக்கமாட்டார்கள். தவிட்டையும் அரிசியையும் பலமுறை அரைத்துக் கொட்டுவர். அரைத்தெடுத்ததில் கல்துகள் இல்லை என்று விரல்நுனி உறுதிசெய்த பின்னரே மிளகாய்க்கு இடம். இதனை அம்மியைப் பழக்குதல் என்றனர். நாள்தோறும் அரைத்து முடித்தபின் நீர்விட்டு வழித்துக் கழுவினர். சில காலம் கழித்துக் கல் தேய்ந்து வழவழப்பானபோது, தெருவில் குரல் கொடுத்து வரும் அம்மி கொத்துபவர், சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி அதற்குச் சொரசொரப்பை மீட்டுத் தந்தார். மெருகு ஏறினால் கெடும் கல் அம்மி. மெருகு போனால் கெடும் கல் மேடை. இரண்டிற்கும் இடையில் நடந்த மாற்றமே நாம் காணப் புகும் வரலாறு.

அம்மிக்குச் சடங்கிலும் இடம் இருந்தது. திருமணத்தில் மணமகளின் காலை மணமகன் எடுத்து அம்மிமேல் வைப்பதும், அதன்பின் அருந்ததி காட்டுவதும் இன்றும் தொடர்கின்றன. கல்லைப்போல் உறுதியாய் நில் என்பது அச்சடங்கின் பொருள். வாழ்நாள் முழுவதும் யார் துணையாய் நிற்கப்போகிறதோ அந்தக் கல்லையே முதல் நாளில் அறிமுகம் செய்துவைத்தனர் எனினும் பொருந்தும்.

கடல் கடந்த மண்ணில்

மலாயாவின் தோட்டப்புறங்களில் குடியேறிய தமிழர் லயன் வீடுகளில் வாழ்ந்தனர். விறகடுப்பும் அம்மியும் அவ்வீடுகளின் பின்கட்டில் இருந்தன. ஓர் அம்மியை அண்டை வீட்டார் சேர்ந்து பயன்படுத்தியதும் உண்டு. விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படும் பெண்கள், மாலையில் திரும்பி அம்மியின்முன் அமர்ந்தனர். பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை ஆகிய இடங்களின் இந்தியக் கடைகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் விற்பனைக்கு இருந்தன. சிங்கப்பூரில் மசாலைப் பொருள்களைக் கல்லில் அரைத்துச் சந்தையில் விற்பதையே பிழைப்பாகக் கொண்ட தமிழரும் இருந்தனர். தமிழர் மட்டுமன்று, மலாய்க்காரரும் பெரானாக்கான் மக்களும் அம்மியை ஒத்த அரைகல்லைப் பயன்படுத்தினர். மலாய்க்காரரின் லெசோங் பத்து என்னும் இடிகல் இன்றும் சம்பல் இடிக்கப் பயன்படுகிறது. இந்நாட்டு இனங்களை ஒன்றுபடுத்திய பொருள்களைப் பட்டியலிடுவோர் அரைகல்லை மறத்தலாகாது.

இம்மண்ணிலும் கருங்கல் உண்டு. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு அதற்குப் பெயர்பெற்றது. ஜூபின் என்னும் மலாய்ச் சொல் தரையில் பதிக்கும் கல்லைக் குறிப்பது. அதுவே மருவித் தீவின் பெயராயிற்று என்பர். பெட்ரா பிராங்காப் பாறைமீது ஜே. டி. தாம்சன் 1850-ஆம் ஆண்டு தொடங்கி 1851-ஆம் ஆண்டில் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இத்தீவின் கல்லால் ஆனது. பணிகள் 1919-இல் தொடங்கி, 1924-ஆம் ஆண்டில் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்திற்கும் உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கல் சென்றது. உபின் தீவின் கடைசிக் கல்வெட்டுக் குழி 1999-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நீர் நிறைந்த அக்குழிகள் இன்று பறவைகளுக்கு உறைவிடமாக உள்ளன.

மெருகேற்றும் கலையிலும் நம்மவர் கைகள் இங்கே சுவடு பதித்துள்ளன. 1862-ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட சிங்கப்பூர்ப் புனித அந்திரேயா பேராலயத்தை, இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் கட்டினர். அதன் உட்சுவர்களுக்கு மெட்ராஸ் சுண்ணம் எனும் சாந்து பூசப்பட்டது. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்பட்டி போன்ற முரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஒளிரச் செய்தனர். இன்று வைரப் பொடி பூசிய இயந்திரச் சக்கரம் சில மணி நேரத்தில் தரும் மெருகை அன்று மனிதக் கை தந்தது.

தரையிலிருந்து மேடைக்கு

பழைய அடுக்களை தரையில் இருந்தது. அடுப்பும் அம்மியும் தரையில். அமர்ந்து அரிவதும் அமர்ந்து அரைப்பதும் வழக்கம். மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயு அடுப்பும் வந்தபின் சமையல் எழுந்து நின்றது. நின்று சமைப்பதற்கு ஓர் உயர்ந்த தளம் தேவைப்பட்டது. தமிழகத்து நகர வீடுகளில் அத்தேவையை முதலில் நிறைவேற்றியது கடப்பைக்கல். ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்தில் கிடைக்கும் இக்கருநிறக் கல், தட்டுத் தட்டாகப் பிளக்கும் இயல்புடையது, விலையும் குறைவு. அலமாரித் தட்டு, பரண், அடுப்பு மேடை என அது எங்கும் பரவியது. சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டில் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் சிமெண்டு மேடையும் அதன்மேல் ஓடும் இடம்பெற்றன. மாடி வீட்டில் உரலும் உலக்கையும் ஒலி எழுப்புதல் இயலாது. மேலும் 1955-ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூரில் பிறந்த மின்சார ஆட்டுக்கல் மெல்ல மெல்லக் கடல் கடந்தது. அதனுள்ளும் கல்லே சுழல்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதே காலத்தில் தமிழகத்தின் கருங்கல் உலகச் சந்தைக்குப் புறப்பட்டது. தமிழ்நாடு அரசு 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தை நிறுவியது. கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம், மதுரை ஆகிய வட்டாரங்களின் பாறைகள் பெரும் கட்டிகளாக வெட்டப்பட்டுத் துறைமுகங்களுக்குச் சென்றன. வைரம் பதித்த கம்பியால் பாறையை அறுக்கும் முறை வந்தபின், மலையிலிருந்து மெல்லிய பலகையாகக் கல்லை எடுப்பது எளிதாயிற்று. அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியதாயிருந்த பொருள் நடுத்தரக் குடும்பத்தின் அடுக்களைக்கு வந்தது. இஃது ஒருவகையில் மகிழ்தற்குரிய மாற்றமே. ஆனால் அம்மியை வாங்கியவர் கல்லைத் தட்டிப் பார்த்தார். மேடைக் கல்லை வாங்குபவர் பெரும்பாலும் நிறத்தை மட்டுமே பார்க்கிறார். ஆகவே கல்லின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம்.

கல்லின் இயல்பு

வணிகர் கிரானைட் என்று விற்பனவெல்லாம் புவியியலார் கூறும் கிரானைட் அல்ல. படிகக்கல் எனும் குவார்ட்சு, பெல்ஸ்பார், அப்பிரகம் ஆகிய கனிமங்கள் பூமியின் ஆழத்தில் உருகி, மெதுவாக ஆறி இறுகியதே கிரானைட். சிங்கப்பூரின் கருங்கல் இவ்வகையினது. அதன் அகவை இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல். கறுப்புக் கிரானைட் எனப் பெயர்பெற்றவை பெரும்பாலும் டோலரைட், காப்ரோ எனும் வேறு பாறைகள். சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களின் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னக்கின் கல்லறையில் இக்கல் இருந்தது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து எனும் புவியியலார் 1893-ஆம் ஆண்டில் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். ஏறத்தாழ இருநூற்றைம்பது கோடி ஆண்டு பழமையுடைய தமிழ்நாட்டுப் பாறை, ஆங்கிலேயர் ஒருவரின் பெயரால் உலகநூல்களில் வழங்குகிறது.

சலவைக்கல்லின் குடும்பம் வேறு. அது சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமடைந்து உருவானது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் குன்றுகளும், லங்காவியின் சலவைக்கல்லும், பத்துமலையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பத்துமலையின் 272 படிகளில் ஏறிக் குகைக்குள் நுழையும் மாணவன், மேலிருந்து தொங்கும் கற்கூம்புகளைக் காண்கிறான். அவை எவ்வாறு தோன்றின? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிதளவு அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கரைந்தது குகைக்குள் மீண்டும் சொட்டுச் சொட்டாகப் படிகிறது. குகை குடைந்ததும் கூம்பு வளர்ந்ததும் அந்த மெல்லிய அமிலத்தின் நெடுங்காலச் செயல். எலுமிச்சைச் சாறோ மழைநீரைவிடப் பன்மடங்கு கடிய அமிலம். சலவைக்கல் மேடைமீது சிந்திய சாறு சில நிமிடங்களிலேயே ஒளி மங்கிய வட்டம் ஒன்றை விட்டுச் செல்வதற்குக் காரணம் இதுவே. அது கறையன்று, கல்லே அரிக்கப்பட்ட வடு. துடைத்தால் போகாது, மீண்டும் மெருகேற்றினால்தான் மறையும்.

கடினத்திலும் இரண்டும் வேறுபடும். செருமானியக் கனிமவியலார் பிரீட்ரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் வகுத்த பத்துப் படி அளவுகோலில் சலவைக்கல்லின் கனிமமாகிய கால்சைட் 3-ஆம் படியில் நிற்கிறது, பெல்ஸ்பார் 6, குவார்ட்சு 7. சமையல் கத்தியின் எஃகு ஏறத்தாழ 5½. ஆதலின் கத்தி சலவைக்கல்லைக் கீறும். கிரானைட்டோ கத்தியின் முனையை மழுக்கும். எந்த மேடையிலும் நேரே வைத்துக் காய்கறி அரிதல் கூடாது என்பதற்கு இவ்விரு காரணங்களும் போதும்.

தேர்ந்தெடுத்தல்

புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் ஆகியவை நாள்தோறும் புழங்கும் தமிழ் அடுக்களைக்குக் கிரானைட் வகையே ஏற்றது. சலவைக்கல்லின் அழகை விரும்புவோர் அதனைப் பூசையறைக்கோ வரவேற்பறை மேசைக்கோ வைத்துக்கொள்ளலாம். கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனமே என்பதால் அமிலத்தைத் தாங்குவதில்லை.

கடைக்குச் செல்வோர் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டிலேயே நான்கு சோதனைகளைச் செய்யலாம். முதலாவது, நீர்ச் சோதனை. சில துளி நீரை விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கல் கருத்தால் அது நீரை உறிஞ்சுகிறது என்று பொருள். எண்ணெயையும் மஞ்சளையும் அவ்வாறே உறிஞ்சும். இரண்டாவது, எலுமிச்சைச் சோதனை. சாறு பட்ட இடம் ஒளி மங்கினால் அக்கல்லில் சுண்ணாம்பு உள்ளது. வணிகர் எப்பெயர் சொல்லி விற்றாலும் சரியே. மூன்றாவது, கத்திச் சோதனை. மூலையில் கீறிப் பார்த்தால் மென்மையும் கடினமும் விளங்கும். நான்காவது, சாயச் சோதனை. கறுப்புக் கல்லுக்குச் சில இடங்களில் சாயம் ஏற்றுவது உண்டு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தால், துணியில் கறுப்பு ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். பழைய முறைப்படி பலகையைத் தட்டி ஒலியைக் கேட்பதும் வீண்போகாது. மந்தமான ஒலி உள்வெடிப்பைக் காட்டும்.

கல்லின் எடையையும் கணக்கிட வேண்டும். கிரானைட்டின் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,700 கிலோகிராம். எனவே 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை, ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோகிராம். 30 மில்லிமீட்டர் தடிப்பாயின் 81 கிலோகிராம். மூன்று மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உடைய மேடை, மெல்லிய தடிப்பிலேயே நூறு கிலோகிராமை நெருங்குகிறது. கீழுள்ள அலமாரி இதனைத் தாங்குமா என்று பார்த்த பின்னரே கல்லை ஏற்ற வேண்டும்.

பேணும் முறை

கல் மேடையைப் பேணுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை, ஒழுங்கு தேவை. மென்மையான சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்பதே நாள்தோறும் செய்யத்தக்கது. நம் நாட்டின் ஈரக் காற்றில், நீர்த்தொட்டியைச் சுற்றியுள்ள இணைப்புகளில் பூஞ்சை எளிதில் படியும். ஆதலால் அவ்விடத்தை உலர்வாக வைத்தல் இன்றியமையாதது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கிப் பழகிய கை, சலவைக்கல்லையும் அவ்வாறே துலக்க முனையும்; அது கல்லுக்குக் கேடு. காடி, குளியலறைத் துப்புரவு அமிலம், சொரசொரப்பான தேய்ப்புத்தூள் ஆகியவற்றையும் விலக்க வேண்டும்.

நீரை உறிஞ்சும் கல்லுக்குக் காப்பு நெய்மம் பூசுவர். அது கல்லின் நுண்துளைகளை அடைக்கும். கல்லின்மேல் விட்ட நீர் முத்து முத்தாக நிற்கும்வரை அக்காப்பு நிலைத்திருக்கிறது. பரவி உள்ளிறங்கத் தொடங்கினால் மீண்டும் பூச வேண்டும். அடர்ந்த கறுப்புக் கற்கள் பலவற்றுக்கு இப்பூச்சே வேண்டியதில்லை. எண்ணெய்க் கறை பட்டால் சமையல் சோடாவை நீரில் குழைத்து அப்பி, மூடிவைத்து, மறுநாள் வழித்தெடுக்கலாம். வெளிர்நிறக் கல்லில் மஞ்சள் பட்டால் அதே சோடாவை ஐதரசன் பெராக்சைடில் குழைத்து அப்ப வேண்டும். கருநிறக் கல்லுக்கு இம்முறை ஆகாது, நிறம் வெளுத்துவிடும். எதையும் முதலில் மறைவான மூலையில் செய்து பார்த்தலே அறிவுடைமை.

கிரானைட் வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை. எனினும் கொதிக்கும் சட்டியைக் குளிர்ந்த கல்மீது திடீரென வைத்தால், ஓரிடம் மட்டும் விரிந்து வெடிப்பு உண்டாகலாம். பிரிமணை ஒன்றை இடுதல் நலம். மேடைமீது லெசோங் பத்தை வைத்து இடிப்போர் பலர். நீர்த்தொட்டிக்காகவும் அடுப்புக்காகவும் துளையிட்ட பகுதிகளில் கல் வலுவிழந்திருக்கும். அங்கே வைத்து இடித்தால் பழைய கல் பிழைக்கும். புதிய கல் பிளக்கும்.

மலையும் மனிதரும்

இதுகாறும் கூறியவை கல்லை வீட்டுக்குள் பேணுவது பற்றியவை. கல் வீட்டுக்கு வருமுன் எங்கே இருந்தது என்பதையும் தமிழ் கற்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் கருங்கல் குன்றுகள் உள்ளன. அவற்றுள் மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரக் குன்றில் இராபர்ட் சீவெல் 1882-ஆம் ஆண்டில் கல்வெட்டுகளைக் கண்டார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924-ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் எனும் பாண்டியன் பெயர் மாங்குளக் கல்வெட்டில் உள்ளது. ஏறத்தாழ கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வெழுத்துகள், தமிழின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அடங்குவன. கீழவளவுக் குன்றிலும் சமணர் படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்தும் உள்ளன.

இவ்வட்டாரமே கிரானைட் வெட்டும் தொழிலுக்கும் நடுவிடமாயிற்று. சட்டத்திற்குப் புறம்பாகக் கல் எடுக்கப்பட்டதாக எழுந்த புகார்கள் 2012-ஆம் ஆண்டில் நாடறிந்தனவாயின. 2014-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை இதனை ஆராயும் ஆணையராக அமர்த்தியது. 2015-ஆம் ஆண்டில் அவர் அறிக்கை அளித்தார். பின்னர் 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் உள்ளடக்கிய பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தமிழின் முதல் எழுத்துகளைச் சுமந்த பாறையும், அடுக்களை மேடையாக அறுபடும் பாறையும் ஒரே நிலத்தில் பிறந்த உடன்பிறப்புகள். வெட்டிய மலை மீண்டும் வளர்வதில்லை. எழுதிய பாறையைக் காக்க வேண்டுமெனில், எந்த மலையிலிருந்து இக்கல் வந்தது என்று வாங்குவோர் வினவத் தொடங்க வேண்டும்.

கல்லை அறுக்கும் தொழிலாளியையும் மறத்தல் தகாது. அறுக்கும்போது எழும் மிக நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அதனால் உண்டாகும் சிலிக்கோசிஸ் எனும் நோய்க்கு முழு நிவாரணம் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இத்துகள் புற்றுநோயையும் விளைவிப்பதென 1997-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. குவார்ட்சுத் தூளைப் பிசினோடு கலந்து செய்யும் செயற்கைக் கல்லில் சிலிக்காவின் பங்கு நூற்றுக்குத் தொண்ணூறையும் தாண்டுவதுண்டு. அதனால் இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் முதல் அக்கல்லைத் தடைசெய்தது. இயற்கைக் கிரானைட்டில் சிலிக்கா இதனினும் மிகக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. எனவே கல்லை வீட்டில் வைத்து உலர்நிலையில் அறுக்க ஒருபோதும் இடம் கொடுத்தலாகாது. பட்டறையில் நீர் பாய்ச்சி, முகக்காப்பு அணிந்து அறுக்கும் தொழிலாளரைக் கொண்ட நிறுவனத்தை நாடுதல் வேண்டும். சில வெள்ளி கூடுதலாகலாம். ஒருவரின் மூச்சுக்கு அஃது ஈடாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். அம்மி எத்துணை கனமானது என்பதை அறியாத மாணவனுக்கு அப்பழமொழியின் அருமை எவ்வாறு விளங்கும்? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதன் மிகை எவ்வாறு சுவைக்கும்? பொருள் மறைந்தபின் சொல் சில காலம் நிற்கும். பின்னர் அதுவும் தேர்வுத்தாளில் மட்டும் வாழும்.

எனவே ஆசிரியர்கள் ஒரு சிறு பணியை மாணவரிடம் ஒப்படைக்கலாம். பாட்டி வீட்டின் பின்கட்டில் கிடக்கும் அம்மியையோ ஆட்டுக்கல்லையோ கண்டுபிடித்து, அதன் நீள அகலங்களை அளந்து, யார் வாங்கினார், எங்கு வாங்கினார், எவ்வாறு பழக்கினார் என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். அத்துடன் தம் வீட்டுச் சமையல் மேடை எந்நாட்டுக் கல், எவ்வகைக் கல் என்பதையும் கேட்டறியச் செய்யலாம். இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதிய மாணவன் வரலாற்றையும் அறிவியலையும் மொழியையும் ஒருங்கே கற்றவனாவான். பாட்டியரின் நினைவு நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும். அம்மி பல தலைமுறை இருக்கும், அதனைப் பழக்கத் தெரிந்தவர் அத்துணைக் காலம் இரார்.